வழி கேட்டால் பாக்கு விலை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பின் முதல் நாள் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "சார், நீங்க டெல்லியில இருந்தவர். பார்லிமெண்ட் பத்திப் பேசுங்க. ஆனா அரசியல் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். மீன் இல்லாமல் மீன் குழம்பு வைக்கச் சொல்கிறார். பரவாயில்லை, முயற்சி பண்ணுகிறேன். ஒரு கட்சியைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். எல்லாக் கட்சியையும் சேர்த்தே பேசிவிடுகிறேன். அப்போது யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது.

நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறான் என்பார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் வழி கேட்டவன் நிலைமை என்ன? இருட்டப் போகிறது, கையில் மூட்டை, போக வேண்டிய ஊர் தெரியவில்லை. சுற்றி நிற்கிற நாலு பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவன் அங்கேயே நிற்பான். நாட்டின் மிகப் பெரிய சபையில் ஒரு உறுப்பினர் ஒரு கேள்வி கேட்கும்போது, அவருக்குப் பின்னால் மூட்டையோடு லட்சக்கணக்கான பேர் நிற்கிறார்கள். அங்கே பாக்கு விலை சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

முதலில் மாணவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு. அரசாங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது ஏதோ பிறவியிலேயே வந்த உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பதிவான முதல் பாராளுமன்றக் கேள்வி 1721-ல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. சவுத் ஸீ கம்பெனி என்ற பெரிய கம்பெனி மூழ்கி, ஊர்ப் பணமெல்லாம் போய், அதன் தலைமைக் காசாளர் நாட்டை விட்டு ஓடிப்போனார். அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கௌப்பர் பிரபு கேட்டார். பணத்தோடு ஓடிப்போகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், கேட்கிறவர்களும் இருந்தார்கள்.

நமக்கு அந்த உரிமை 1892-ஆம் வருஷச் சட்டத்தில்தான் வந்தது. 1893-ல் முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா ராஜா. ராஜா என்றதும் ஜமீன், கிஸ்தி, பட்டம் என்று கேட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் சுற்றுப்பயணம் போய் முகாம் போடும்போது, கிராமத்துக் கடைக்காரர்கள் அவர்களுக்குச் சாமான் சப்ளை பண்ண வேண்டிய கஷ்டத்தைப் பற்றித்தான் கேட்டார். இந்தியாவில் சட்டசபைக் கேள்வி என்பது ஒரு பெட்டிக்கடைக்காரனுக்காகத்தான் பிறந்தது. அப்போது ஒரு கேள்விதான் கேட்கலாம். பதில் திருப்தியில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். 1909-ல்தான் கேட்டவரே ஒரு துணைக் கேள்வி போடலாம் என்று வந்தது. 1919-க்குப் பிறகு மற்றவர்களும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. ஒரு பதிலை வாங்கிக்கொண்டு "அது சரி, ஆனா..." என்று இழுக்கிற உரிமையைப் பெறவே இத்தனை வருஷம் ஆயிற்று.

இன்று மக்களவையில் வழக்கமாகக் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014-லிருந்து அதைப் பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறி போட்ட கேள்விகள் 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் சமாளிக்க வேண்டும். நட்சத்திரம் இல்லாதவை 230, இவற்றுக்கு எழுத்து மூலம் பதில். பதினைந்து நாள் முன்னாலேயே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதாவது, பரீட்சைக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே கேள்வித்தாள் கையில் கிடைத்துவிடுகிறது. நம் விடுதி அறைகளில் இந்த வசதி இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் பல்கலைக்கழக முதல் ரேங்க் வாங்கியிருப்போம்!

இவ்வளவு அவகாசம் கொடுத்தும் ஏன் பதில் வருவதில்லை? டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் பல வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பதில் சொல்லாமல் பதில் சொல்வதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, சிரிக்க வைப்பது. இரண்டாவது வழி, கேட்டவர் மேல் திருப்பிவிடுவது. "உங்க ஆட்சியில என்ன நடந்தது?" என்றால் போதும், அவையில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் உட்காரச் சொல்லிக் கத்துவார்கள், மணி பன்னிரண்டு அடித்துவிடும். மூன்றாவது வழி, சத்தமே இல்லாமல் நடப்பது. பதிலில் இரண்டு வரி இருக்கும். "(அ) இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை." அவ்வளவுதான். முதலாவதையும் இரண்டாவதையும் டி.வி.யில் பார்க்கலாம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றுமே ஒரே குடும்பம்தான். கேட்டவரை மனிதராக மதிக்காத குணம் அந்த மூன்றுக்கும் பொது.

முதல் வழிக்கு உதாரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019 டிசம்பரில் வெங்காயம் பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது. மக்களவையில் சுப்ரியா சுலே வெங்காய விவசாயிகள் பற்றியும், விளைச்சல் ஏன் குறைந்தது என்றும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் கேட்டார். மதுரையில் பிறந்து திருச்சியில் பட்டம் படித்தவர் நிதியமைச்சர். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு உறுப்பினர், நீங்கள் எகிப்து வெங்காயம் சாப்பிடுகிறீர்களா என்கிற மாதிரி குறுக்கே விழுந்தார். அதற்கு அவர், தான் வெங்காயம் பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை, வெங்காயத்தோடு அதிகம் சம்பந்தமில்லாத குடும்பத்திலிருந்து வந்தவர் என்று சொன்னார். அவையில் சிரிப்பு.

நியாயமாகப் பார்த்தால், அன்று அவர் அதை மட்டுமா சொன்னார்? ஏற்றுமதித் தடை, வியாபாரிகளுக்கு இருப்பு வரம்பு, வெளிநாட்டு இறக்குமதி என்று எடுத்த நடவடிக்கைகளையும் சொன்னார். குறுக்கே கேட்கப்பட்டதும் ஒரு விளையாட்டுக் கேள்விதான். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. நான் இந்த உதாரணத்தை எடுத்ததே வேறு காரணத்துக்காக. மறுநாள் பத்திரிகையில் எது வந்தது? டீக்கடையில் எதைப் பேசினார்கள்? வெங்காயம் சாப்பிடாத குடும்பம்தான் வந்தது. விளைச்சல் ஏன் குறைந்தது, சேமிப்புக் கிடங்கு எத்தனை இருக்கிறது, விலை ஏறும்போது விவசாயி கைக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்விகள் எல்லாம் அந்தச் சிரிப்போடு போய்விட்டன. குறுக்கே விழுந்த எதிர்க்கட்சிக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. விளையாட்டாகக் கேட்டவருக்கு விளையாட்டாகப் பதில் வந்தது. நடுவில் நஷ்டம் நாசிக் விவசாயிக்கும், நம்ம ஊர்க் காய்கறிக் கடையில் கால் கிலோ கேட்டு நின்ற அம்மாவுக்கும்.

இது ஏதோ நம் நாட்டு வியாதி என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். பாராளுமன்றங்களின் தாய் என்று சொல்லப்படும் இங்கிலாந்திலும் இருக்கிறது. 2016 ஜூனில் ஜோ காக்ஸ் என்ற பெண் உறுப்பினர் தன் தொகுதியில் கொலை செய்யப்பட்டார். 2019 செப்டம்பர் 25 அன்று பவுலா ஷெரிஃப் என்ற இன்னொரு உறுப்பினர் எழுந்து, எங்களுக்குத் தினமும் கொலை மிரட்டல் வருகிறது, மிரட்டுகிறவர்கள் பிரதமர் பயன்படுத்துகிற வார்த்தைகளையே பயன்படுத்துகிறார்கள், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கொலையுண்ட தோழியின் நினைவுச் சின்னம் அந்த அவையிலேயே இருப்பதையும் சுட்டிக்காட்டினார். பிரதமர் போரிஸ் ஜான்சன் எழுந்து, இப்படி ஒரு பாசாங்கைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அவை கொந்தளித்தது. ஆனால் அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் அவர் கட்சிக்குப் பெரிய வெற்றி. பவுலா ஷெரிஃப் தோற்றுப் போனார்.

மாணவர்கள் இந்த இடத்தில் "அப்போ அலட்சியமாப் பேசினா ஜெயிக்கலாம் போல" என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கதை இன்னும் முடியவில்லை. பிறகு சொல்கிறேன்.

இப்போது சத்தமில்லாத வழி. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர்கள் குழந்தை குட்டியோடு நெடுஞ்சாலையில் நடந்தே ஊருக்குப் போனார்கள். நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த வருஷம் செப்டம்பர் 14-ல் பாராளுமன்றம் கூடியது. தொற்றைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்று முடிவாகியிருந்தது. எழுத்து மூலக் கேள்வி மட்டும் உண்டு. ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தீர்களா என்று மக்களவையில் கேட்டார்கள். தொழிலாளர் நல அமைச்சகத்தின் பதில், அப்படிப்பட்ட புள்ளிவிவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்பது. நஷ்டஈடு? மேலே சொன்னதைக் கருத்தில் கொண்டு, அந்தக் கேள்வி எழவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. ஜோக் எதுவும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், வெங்காயப் பதிலை விட நூறு மடங்கு அலட்சியம் இதுதான். செத்தவனை எண்ணவில்லை, எண்ணாததால் செத்தவன் இல்லை, இல்லாதவனுக்கு நஷ்டஈடு எப்படி? கணக்கு என்னவோ சரியாகத்தான் வருகிறது.

ஆனால் அதே கூட்டத்தொடரில் மாநிலங்களவையில், தொழிலாளர் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் பற்றி ரயில்வே அமைச்சகத்திடம் கேள்வி போனது. செப்டம்பர் 9 வரை அந்த ரயில்களில் பயணம் செய்தபோது 97 பேர் இறந்ததாகப் பதில் வந்தது. ரோட்டில் போனவனுக்குக் கணக்கில்லை, ரயிலில் போனவனுக்குக் கணக்கு இருக்கிறது. ஏன்? ரயில்வேக்கும் போலீஸுக்கும் பதிவேடு இருக்கிறது. எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டால் பதில் வந்தே தீரும். கேள்வி கேட்பதும் ஒரு தொழில்தான், கற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, நகைச்சுவையே கூடாதா என்று கேட்பீர்கள். நாம் தமிழ்நாட்டுக்காரர்கள். சட்டசபையில் யார் யாருக்கு எப்படிப் பதிலடி கொடுத்தார் என்று தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். சாதுரியமான பேச்சுக்கு மயங்குவது நம் ரத்தத்தில் ஊறியது. எனக்கும் பிடிக்கும். நகைச்சுவையில் தப்பே இல்லை. அது எந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

1959-ல் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்ட விஷயம் பாராளுமன்றத்துக்கு வந்தது. பிரதமர் நேரு, அது ஜனங்கள் வாழாத, ஒரு புல்கூட முளைக்காத இடம் என்று சொன்னார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் கேள்வியின் கனத்தைக் குறைக்கிற பதில் அது. பிறகு மகாவீர் தியாகி எழுந்து தன் வழுக்கைத் தலையைக் காட்டி, இங்கேயும்தான் ஒன்றும் முளைப்பதில்லை, அதற்காக இதை வெட்டி யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டதாக இன்றுவரை சொல்லி மகிழ்கிறார்கள். தியாகி எதிர்க்கட்சிக்காரர் இல்லை. நேருவின் சொந்தக் கட்சிக்காரர், அமைச்சராகவே இருந்தவர். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கேள்வி காணாமல் போகவில்லை. முன்னைவிடப் பெரிதாக நின்றது. 1962 அக்டோபரில் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று நாடு தெரிந்துகொண்டது.

சுதந்திராக் கட்சியின் பிலு மோடியும் அப்படித்தான். 1970-களில் எதிர்த்துப் பேசுகிறவனையெல்லாம் அமெரிக்க உளவாளி என்று சொல்கிற வழக்கம் இருந்தது. அவர் ஒரு நாள் "நான் சி.ஐ.ஏ. ஏஜெண்ட்" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாராளுமன்றத்துக்கு வந்துவிட்டார். ஆள் பருமனானவர், அட்டை நன்றாகவே தெரிந்திருக்கும். எதிர்ப்பவர்களுக்குப் பட்டம் கட்டுகிற வித்தை எவ்வளவு அற்பமானது என்று அந்த ஒரு அட்டை காட்டிவிட்டது.

ஆக, எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். சிரித்து முடித்த பிறகு கேள்வி அங்கேயே நிற்கிறதா, இல்லை ஆளைக் காணோமா? நின்றால் அது நல்ல நகைச்சுவை. காணாமல் போயிருந்தால் நம் பாக்கெட்டில் யாரோ கை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மழுப்பல் பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதவர்கள் என்ன சாதிக்க முடியும்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம், நம்ம எல்.ஐ.சி., 1956-ல் அரசுடைமையாக ஆரம்பித்தது. அடுத்த வருஷமே ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயைப் போட்டது. முறையாக முதலீட்டுக் குழுவைக் கேட்டுச் செய்யவில்லை. 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் இதுபற்றி ஒரு கேள்வி கேட்டார். நேரடியான பதில் வரவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

டிசம்பரில் பெரோஸ் காந்தி எழுந்தார். ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். சத்தம் போடவில்லை. எந்தத் தேதியில், எந்தக் கம்பெனியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள், அன்று சந்தை விலை என்ன என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தோடு கேட்டார். அரசாங்கம் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சக்ளாவை விசாரிக்கச் சொன்னது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒரே மாதத்தில் அறிக்கை. செயலாளர் செய்ததற்கு அமைச்சர் பொறுப்பேற்க வேண்டும், எனக்குத் தெரியாது என்று ஒதுங்க முடியாது என்று சக்ளா சொன்னார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். திறமைசாலி, பிற்பாடு மறுபடி அமைச்சரானார், அது வேறு விஷயம். பாலிசிதாரர்கள் மாசா மாசம் கட்டுகிற பிரீமியப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற வழக்கம் அன்று உறுதியானது.

பாராளுமன்ற விதிகளிலேயே இதற்கு ஆயுதங்கள் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. பதில் போதவில்லை என்றால் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். அமைச்சர் சொன்னது தவறு என்றால் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-ன் கீழ் எழுதிக் கொடுக்கலாம். "தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது ஒரு உறுதிமொழி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைத் துரத்துவதற்கென்றே மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு 1953-லிருந்து இருக்கிறது. அமைச்சகங்களில் நாங்கள் எதிர்க்கட்சித் தலைவருக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டோம். உறுதிமொழிக் குழுவிலிருந்து நினைவூட்டல் வந்தால் பிரிவில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இப்போது போரிஸ் ஜான்சன் கதையின் மீதி. ஊரடங்கு காலத்தில் பிரதமர் இல்லத்தில் விருந்து நடந்ததா என்று கேட்டபோது, விதிமுறைகள் பின்பற்றப்பட்டன என்று அவையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவை சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தது. 2022-ல் பதவி போனது. 2023 ஜூனில் உரிமைக் குழு, அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று அறிக்கை கொடுத்தது. 354 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் அவை அதை ஏற்றுக்கொண்டது. அவர் கட்சிக்காரர்கள் பலரும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிடும். அவைக் குறிப்பு அலமாரியில் இருந்துகொண்டே இருக்கும்.

நண்பர்களே, இதுவரை அமைச்சர்களைப் பற்றிப் பேசியாயிற்று. நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டாமா?

எழுத்து மூலப் பதிலை அமைச்சர் உட்கார்ந்து எழுதுவதில்லை. கேள்வி அமைச்சகத்துக்கு வரும். பாராளுமன்றப் பிரிவு அதைச் சம்பந்தப்பட்ட பிரிவுக்குத் தள்ளும். ஒரு பிரிவு அலுவலர் வரைவு போடுவார், சார்புச் செயலர் திருத்துவார், இணைச் செயலர் பார்ப்பார், பிறகுதான் அமைச்சர் கையெழுத்து. துணைக் கேள்வி வந்தால் சமாளிக்கத் தனியாக ஒரு குறிப்பும் தயார் செய்து கொடுப்போம். "கேள்வி எழவில்லை" என்ற இரண்டு சொல்லை முதலில் காகிதத்தில் எழுதுகிற கை ஒரு பட்டதாரியின் கை. இந்த மண்டபத்திலேயே மத்திய, மாநில அரசுப் பணியில் இருக்கிற நம் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். கோப்பில் அந்த வரியை எழுதும் முன் ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு, தகவல் உண்மையிலேயே இல்லையா, இல்லை தேடுவதற்குச் சோம்பலா என்று யோசியுங்கள். தொழிலாளர் துறையில் இல்லாத கணக்கு ரயில்வேயில் இருந்தது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் 97 பேராவது அந்தப் பதிலில் வந்திருப்பார்கள்.

ஆசிரியர்களாக இருக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் ஒரு பையன் எழுந்து ஒரு சந்தேகம் கேட்கிறான். நமக்கு உடனே பதில் தெரியவில்லை. "ஏம்ப்பா, நேத்து வகுப்புக்கு வந்தியா, இல்ல மேட்னி ஷோவா?" என்று ஒரு போடு போட்டால் வகுப்பே சிரிக்கும். அவன் உட்கார்ந்துவிடுவான். அடுத்த மூணு வருஷம் எழுந்திருக்கவே மாட்டான். அவனோடு சேர்ந்து சிரித்த அறுபது பேரும் ஒரு பாடம் படித்திருப்பார்கள். கேட்கிறவனை மட்டம் தட்டினால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற பாடம். அந்த அறுபது பேரில் ஒருவன் அமைச்சராகலாம், ஒருவன் அதிகாரியாகலாம், மீதிப் பேர் ஓட்டுப் போடுவார்கள். "எனக்கு இப்போ தெரியல, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொன்ன வாத்தியார்கள் நமக்கு இருந்தார்கள். முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் நமக்கு மரியாதை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். பாராளுமன்றக் கேள்வி பதில் எல்லாம் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் காலத்தில் நூலகத்தில் தூசி தட்டிப் படிக்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் கடந்த கூட்டத்தொடரில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று எடுத்துப் படியுங்கள். பத்துப் பதில் படித்தால் போதும், எது பதில், எது பாக்கு விலை என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். பதில் மொட்டையாக இருந்தால், பத்து ரூபாய்க் கட்டணம் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று 2005-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. கேட்கும்போது தேதி, இடம், பதிவேடு எல்லாம் குறிப்பிட்டு பெரோஸ் காந்தி மாதிரி கேளுங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பொத்தாம் பொதுவாகத்தான் வரும்.

இன்னொன்று. செல்போனில் ஒரு தலைவர் இன்னொருவரைக் கலாய்த்த இருபது விநாடிப் படம் வந்தால் உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அனுப்பும் முன் "கேட்ட கேள்வி என்ன?" என்று ஒரு தடவை பாருங்கள். கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். அப்போது யார் தோற்றார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக, நாளைக் காலை பத்து மணிக்கு நம் சங்கப் பொதுக்குழு. உதவித்தொகை நிதியின் வரவு செலவு அறிக்கை வைக்கப்படும். வழக்கமாக அந்த நேரத்தில் பாதிப் பேர் கேன்டீனில் இருப்போம். தயவு செய்து வாருங்கள். புரியாததை எழுந்து கேளுங்கள். கேட்கிறவரைப் பார்த்து, "இவர் எப்பவுமே இப்படித்தாம்ப்பா" என்று யாரும் சிரிக்க வேண்டாம். பொருளாளர் அவர்களே, நீங்களும் "சாப்பாடு ஆறுது, சீக்கிரம் முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பணத்தில் படிக்கிற பிள்ளைகள் இதோ பின்வரிசையில் நிற்கிறார்கள். பதில் சொல்லி முடித்துவிட்டே சாப்பிடப் போவோம்.

கேள்வி இருந்தால் கேட்கலாம்.